சிம் மாற்றிய அரை நிமிடம்

அமெரிக்காவிலிருந்து மகனோ மருமகளோ கொண்டுவந்த போனைப் பார்த்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி அதன் விலை. இரண்டாவது, "அன்லாக் பண்ணினதுதானே?" ஆமாம் என்று பதில் வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ட்ரேயைக் குத்தி வெளியே இழுத்து, சென்னையில் வாங்கிய சிம்மை வைத்து உள்ளே தள்ளுகிறோம். சற்று நேரத்தில் திரையின் மேல் மூலையில் சிக்னல் கோடுகள் எழும்புகின்றன. பெரும்பாலும் அரை நிமிடம்கூட ஆவதில்லை. அதற்குள் நடந்து முடியும் காரியங்களில் 'அன்லாக்' என்ற சொல் குறிப்பது ஒன்றே ஒன்றைத்தான். இருப்பதிலேயே எளிய வேலையும் அதுதான்.

சிம்மிலிருந்து தொடங்குவோம். அதை ஒரு சின்ன நினைவட்டை என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு கணினி. இன்றைய நானோ சிம் 12.3 மில்லிமீட்டர் நீளம், 8.8 மில்லிமீட்டர் அகலம். அதிலும் பெரும்பகுதி பிளாஸ்டிக்தான். தங்க முலாம் பூசிய தகடுகளுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சில மில்லிமீட்டர் சில்லுக்குள் செயலி, நினைவகம், இயங்குதளம் எல்லாம் இருக்கின்றன. இல்லாதவை பேட்டரியும் கடிகாரமும். இரண்டையும் போன்தான் கொடுக்க வேண்டும். ஒரு தகடு வழியாக 1.8 அல்லது 3 வோல்ட் மின்சாரம் வருகிறது. இன்னொன்றில் நொடிக்குப் பத்து லட்சம் முதல் ஐம்பது லட்சம் வரை துடிப்புகள் வருகின்றன. மூன்றாவது தகட்டில் 'எழுந்திரு' என்ற ஆணை. உடனே சிம் தன் இனம், வேகம், மின்னழுத்தம் பற்றிய சிறு பட்டியல் ஒன்றை ஒப்பிக்கிறது. இதன் பிறகு இரண்டுக்கும் நடக்கும் பேச்செல்லாம் ஒரே ஒரு தகடு வழியாக, மாறி மாறித்தான்.

முதல் சிம் அட்டைகளை 1991இல் மியூனிக் நகரின் கீசெக் அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் செய்தது. முந்நூறு அட்டைகளை வாங்கியது ஃபின்லாந்தின் கைப்பேசி நிறுவனமான ராடியோலின்யா. அன்றைய சிம் இன்றைய ஏ.டி.எம். கார்டு அளவு இருந்தது. ஜி.எஸ்.எம். என்ற கைப்பேசி முறையை வகுத்தவர்களின் எண்ணத்தை அந்த அளவே காட்டிக்கொடுத்துவிடுகிறது. வாடிக்கையாளரின் அடையாளம் முழுவதும் அட்டையில் இருக்கும். போன் வெறும் கருவி. அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், கிடைத்த போனில் செருகிப் பேசலாம். ஆக, எந்தப் போனிலும் எந்த சிம்மும் என்பது பின்னால் போராடிப் பெற்ற சலுகை இல்லை. அது அடித்தளத்திலேயே இருந்தது. பூட்டுதான் அதன் மேல் கட்டப்பட்டது.

எல்லோரும் இந்த வழியில் போகவில்லை. இந்தியாவில் 2003 வாக்கில் ரிலையன்ஸ் கொண்டுவந்த மலிவுக் கைப்பேசிகள் நினைவிருக்கிறதா? அவை சி.டி.எம்.ஏ. என்ற வேறு குலத்தைச் சேர்ந்தவை. அவற்றில் உங்கள் எண் போனுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. நிறுவனத்தை மாற்ற வேண்டுமானால் போனையே மாற்ற வேண்டும். அங்கே பூட்டுக்குத் தேவையே இல்லை, கதவே கிடையாதே!

சரி, அந்தப் பூட்டு என்ன செய்கிறது? ஒவ்வொரு சிம்மிலும் ஐ.எம்.எஸ்.ஐ. என்றொரு எண் உண்டு. உலகில் உங்கள் சந்தாவுக்கு மட்டுமே உரிய, அதிகபட்சம் 15 இலக்கம் கொண்ட அடையாள எண். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 404, 405. இலங்கைக்கு 413. அமெரிக்காவுக்கு 310 முதல் சில. அடுத்த இரண்டோ மூன்றோ இலக்கங்கள் நிறுவனத்தைச் சொல்லும். ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்துக்கு 310-410. சென்னை வட்டத்து ஏர்டெலுக்கு 404-40. பூட்டிய போன் சிம்மிடம் இந்த எண்ணைக் கேட்டு வாங்கி, முதல் ஐந்தாறு இலக்கங்களைத் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் 310-410 இருக்க, வந்திருப்பது 404-40 என்றால் 'இந்த சிம் செல்லாது' என்று திரையில் எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆண்டெனாவுக்கும் டவருக்கும் இதில் வேலையே இல்லை. இரண்டு எண்கள் ஒன்றா என்று பார்க்கும் ஒரு வரிக் கணக்கு, அவ்வளவுதான்.

இத்தனை சின்னக் கணக்கைச் சுற்றி எத்தனை கூத்து! பழைய நோக்கியா போன்களில் பூட்டை நீக்கும் திறப்பு எண்ணை, போனின் சொந்த எண்ணையும் நிறுவனத்தின் எண்ணையும் வைத்தே கணக்கிட்டுவிட முடிந்தது. அந்தச் சூத்திரம் வெளியே கசிந்ததும் உலகெங்கும் சந்துக்கடைகளில் அன்லாக் தொழில் செழித்தது. 2007 ஜூனில் முதல் ஐபோன் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்துக்கு மட்டும் பூட்டப்பட்டு வந்தது. இரண்டே மாதத்தில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பையன், சாலிடரிங் கருவியும் பொறுமையுமாக உட்கார்ந்து, அதன் மோடம் சில்லை ஏமாற்றி, போட்டி நிறுவனத்தின் சிம்மில் பேசவைத்தான். அந்தப் போனைக் கொடுத்து அவன் வாங்கிக்கொண்டது ஒரு நிசான் காரும் மூன்று புது ஐபோன்களும்.

சட்டமும் இந்தக் கூத்தில் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவில் போனை அன்லாக் செய்வது குற்றமா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது தெரியுமா? நாடாளுமன்ற நூலகரிடம். பூட்டும் ஒரு மென்பொருள், மென்பொருளுக்குப் பதிப்புரிமை உண்டு, அந்தச் சட்டத்துக்கு விலக்கு அளிப்பவர் நூலகர். அவர் விலக்கைத் திரும்பப் பெற்றதால் 2013 ஜனவரிக்குப் பின் வாங்கிய போனை நிறுவனத்தின் அனுமதியில்லாமல் திறப்பது சட்டவிரோதம் ஆனது. லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டு முறையிட, 2014 ஆகஸ்ட் 1 அன்று புதுச் சட்டம் வந்து அந்தத் தடையை நீக்கியது. கனடா 2017இலும், பிரிட்டனும் ஜப்பானும் 2021இலும் பூட்டிய போன் விற்பனைக்கே முற்றுப்புள்ளி வைத்தன. இன்றைய ஐபோனில் திறப்பு எண் என்று எதுவும் கிடையாது. ஆப்பிளின் சர்வரில் உங்கள் போனின் சொந்த எண்ணுக்கு நேரே உள்ள குறிப்பு மாறுகிறது. அமைப்புகளில் 'அபவுட்' பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்த்தால், சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று ஒரு வரி இருக்கும். இத்தனை ஆண்டுச் சண்டையின் விளைவு அந்த ஒரு வரி.

பூட்டைத் தாண்டியாயிற்று. போன் இப்போது டவரைத் தேட வேண்டும். அன்லாக் செய்த கடைக்காரர் கைவைக்கவே முடியாத இடம் இது.

நம்மைச் சுற்றிக் காற்றில் வானொலி, தொலைக்காட்சி, வைஃபை, புளூடூத், நாலைந்து நிறுவனங்களின் கைப்பேசி அலைகள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அரசாங்கங்கள் இந்த அலைகளைத் துண்டு துண்டாக வெட்டி ஏலம் விட்டிருக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் 'பேண்ட்' என்று பெயர், ஓர் எண்ணும் உண்டு. ஜியோவின் 4ஜி ஓடுவது 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில். அதாவது 5, 3, 40 எண் பேண்டுகளில். பி.எஸ்.என்.எல். 4ஜிக்கு 700, 2100 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 12, 13, 66, 71 என்று பட்டியல் வேறு மாதிரி போகும். டவரிலிருந்து உங்கள் போனுக்கு வந்துசேரும் சிக்னலின் திறன் ஒரு வாட்டின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே போதும், பேசிவிடலாம். பத்து வாட் எல்.இ.டி. பல்பின் திறனை நூறு லட்சம் கோடிப் பங்காகப் பிரித்து அதில் ஒரு பங்கை எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவு. அதே போனுக்குள், சில சென்டிமீட்டர் தள்ளி, வைஃபை அதைவிடக் கோடானுகோடி மடங்கு வலுவாக அலறிக்கொண்டிருக்கிறது. 40ஆம் பேண்ட் 2400 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. வைஃபையின் ஆட்சி தொடங்குவதும் அங்கேதான். வேலிகூட இல்லாத பக்கத்து மனை.

இந்த அலறலை வெளியே நிறுத்தி, அந்த முணுமுணுப்பை மட்டும் உள்ளே விடுவது 'ஃபில்டர்' எனப்படும் வடிப்பான். அது இதைச் சாதிக்கும் விதம் என்னை இன்றும் அசத்துகிறது. ரேடியோ அலையை அது ஒலியாக மாற்றிவிடுகிறது. ஆம், ஒலிதான். ஆனால் காற்றில் போகும் ஒலி இல்லை, ஒரு படிகத்தின் மேற்பரப்பில் ஊரும் அதிர்வு. லித்தியம் டான்டலேட் போன்ற சில படிகங்களுக்கு ஒரு குணம் உண்டு. மின்னழுத்தம் கொடுத்தால் நெளியும், நெளித்தால் மின்னழுத்தம் தரும். படிகத்தின் மேல் இரண்டு சீப்புகளின் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்ததுபோல் உலோகக் கோடுகள் வரையப்பட்டிருக்கும். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ரிச்சர்ட் ஒயிட்டும் வோல்ட்மரும் 1965இல் கண்ட உத்தி இது. ஆண்டெனாவில் சிக்கிய மின் அலை ஒரு ஜோடிச் சீப்புக்கு வர, படிகம் அதிர்கிறது. அதிர்வு ஊர்ந்துபோய் அடுத்த ஜோடிச் சீப்பைத் தொட, மறுபடி மின் அலை. சீப்புப் பற்களின் இடைவெளிக்குப் பொருந்தும் அலை மட்டும் வளர்ந்து வெளியேறும். மற்றவை தமக்குள்ளேயே அடித்துக்கொண்டு அடங்கிவிடும்.

ஏன் ஒலியாக மாற்ற வேண்டும்? அளவுக்காக. ரேடியோ அலை நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகிறது. படிகத்தில் அதிர்வு நொடிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர்தான். அலை மெதுவாகப் போனால் அதன் நீளமும் அதே விகிதத்தில் சுருங்கும். 1000 மெகாஹெர்ட்ஸில் காற்றில் முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள அலை, படிகத்தில் மைக்ரோமீட்டர் கணக்குக்கு வந்துவிடுகிறது. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. பெரிய பெட்டியில் செய்ய வேண்டிய வேலை கடுகளவு சில்லில் முடிகிறது. ஒரு நல்ல போனில் இப்படிப் பல டஜன் வடிப்பான்கள் இருக்கின்றன. ஏறக்குறைய பேண்டுக்கு ஒன்று, சிலவற்றுக்கு இரண்டு.

இதில்தான் வில்லங்கமும் இருக்கிறது. பல்லின் இடைவெளி தொழிற்சாலையில் பொறிக்கப்பட்டுவிடுகிறது. எந்த அப்டேட்டாலும் அதை மாற்ற முடியாது. அமெரிக்கச் சந்தைக்கென்றே செய்த விலை குறைந்த போன்கள் பலவற்றில் 40ஆம் பேண்டுக்கான வடிப்பானை வைப்பதில்லை. அங்கே அதற்கு வேலையில்லை, சில்லறை மிச்சம். அந்தப் போனை எத்தனை முறை அன்லாக் செய்தாலும், டவருக்குக் கீழேயே நின்றாலும், அந்த பேண்டில் அது முழுச் செவிடு.

வடிப்பான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போன் ஒவ்வொரு பேண்டாகக் காது கொடுக்கிறது. 4ஜி டவர் ஒவ்வொன்றும் 5 மில்லிநொடிக்கு ஒருமுறை, நொடிக்கு 200 முறை, ஓர் அடையாளக் குறியை ஒலிபரப்புகிறது. இருக்கக்கூடிய குறிகள் மொத்தம் 504. அதைப் பிடித்த மாத்திரத்தில் போன் தன் கடிகாரத்தை டவரின் கடிகாரத்தோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. அனுமதிக்கப்பட்ட பிசகு ஒரு கோடியில் ஒரு பங்கு. உங்கள் கைக்கடிகாரம் அப்படி ஓடினால் ஒரு நொடி தவற 115 நாள் ஆகும். பிறகு டவர் ஒலிபரப்பும் 404-40 போன்ற எண்ணைப் படித்து, சிம்மின் எண்ணோடு பொருத்திப் பார்த்து, இது நம் வீடுதான் என்று முடிவு செய்கிறது.

இனி அறிமுகம். நேற்றுவரை டெக்சாஸில் இருந்த போனைச் சென்னை டவர் எதற்காக நம்ப வேண்டும்? அது போனை நம்புவதில்லை, சிம்மைத்தான் சோதிக்கிறது. சிம் தயாராகும்போதே அதற்குள் 128 பிட் நீளமுள்ள ரகசிய எண் ஒன்று எழுதப்படுகிறது. அதன் பிரதி நிறுவனத்தின் மையக் கணினியில் மட்டும் இருக்கும். போனுக்கும் தெரியாது, டவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இதைக் காற்றில் அனுப்பினால் நடுவில் எவனாவது திருடிவிடுவான். அனுப்பாமலும் நிரூபிக்க வேண்டும். எப்படி?

மாமியாரும் மருமகளும் ஒரே குழம்புப்பொடிப் பக்குவத்தை ரகசியமாக வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். தொலைவிலிருந்து ஒருத்தி, "நான்தான் உங்கள் மருமகள்" என்கிறாள். மாமியார் பக்குவத்தைச் சொல்லச் சொல்வதில்லை. கூடைக்குள் கைவிட்டு வந்த காயை எடுத்து, "இதில் ஒரு குழம்பு வைத்து அனுப்பு" என்கிறார். தானும் அதே காயில் வைக்கிறார். ருசி ஒன்றானால் ஆள் அவள்தான். நாளை வேறு காய். நேற்றைய குழம்பைத் திருடி வைத்திருப்பவனுக்கு நாளை பயனில்லை.

நெட்வொர்க் அனுப்பும் காய், ஒவ்வொரு முறையும் குலுக்கிப்போட்டு எடுத்த 128 பிட் எண். சிம் அதைத் தன் ரகசியத்தோடு சேர்த்துப் பிசைந்து விடையை மட்டும் வெளியே தருகிறது. அந்தக் கணக்கு சிம்மின் சில்லுக்குள்ளேயே நடக்கிறது. சிம் ஏன் கணினியாக இருக்க வேண்டும் என்பதற்கு விடையும் இதுதான். குருட்டாம்போக்கில் ரகசியத்தை ஊகிக்கலாமே என்றால், நொடிக்கு ஒரு லட்சம் கோடி ஊகம் செய்தாலும் எல்லாவற்றையும் முயல, பிரபஞ்சத்தின் இன்றைய வயதைப்போல் 75 கோடி மடங்குக்கு மேல் ஆகும். பக்குவமே மட்டமாக இருந்தால் கதை வேறு. பல நிறுவனங்கள் 2ஜி காலத்தில் பயன்படுத்திய ஒரு பழைய கணக்குமுறையை 1998இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் உடைத்து, சிம்மின் ரகசியத்தை வெளியே இழுத்துக் காட்டினார்கள். 3ஜியிலிருந்து கணக்கும் வலுத்தது, சோதனையும் இருவழியானது. டவரும் தன்னை நிரூபித்தால்தான் சிம் வாய் திறக்கும்.

இதே உத்தியின் அழகு ரோமிங்கில் முழுதாகத் தெரிகிறது. அமெரிக்க சிம்மோடு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள். இங்குள்ள நெட்வொர்க்குக்கு அந்த சிம்மின் ரகசியம் தெரியாது, தெரியவும் கூடாது. அது ஐ.எம்.எஸ்.ஐ. எண்ணின் தலையைப் பார்த்து, கடலடிக் கேபிள் வழியாக அமெரிக்காவைக் கேட்கிறது. அங்கிருந்து வருவது கேள்வியும் அதற்கான சரியான விடையும் சேர்ந்த ஒரு பொட்டலம். சென்னை நெட்வொர்க் கேள்வியை சிம்மிடம் கேட்டு விடையை ஒப்பிடுகிறது. ரகசியம் ஊரைவிட்டு நகராமலே பூமியின் மறுபக்கத்தில் ஆள் அடையாளம் முடிந்துவிடுகிறது.

இத்தனையிலும் உங்கள் பத்து இலக்க எண் எங்கும் தலைகாட்டவில்லை, கவனித்தீர்களா? அது சிம்மின் அடையாளமே இல்லை. நிறுவனத்தின் மையக் கணினியில் ஐ.எம்.எஸ்.ஐ.க்கு நேரே எழுதிவைத்த குறிப்பு மட்டும்தான். எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி ஹரியானாவில் 2010 நவம்பரிலும் நாடு முழுவதும் 2011 ஜனவரியிலும் வந்தபோது, மாறியது சிம்மும் அதன் ஐ.எம்.எஸ்.ஐ.யும்தான். பழைய எண்ணுக்கு நேரே புது விலாசம் எழுதப்பட்டது.

ஆக, கோடுகள் வந்தாயிற்று. இணையமும் ஓடுகிறது. அந்த நிறுவனத்தின் இணைய வாசலுக்கு என்ன பெயர் என்பதைப் போன் தன் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டில் உலக நிறுவனங்களின் வாசல்கள் ஆயிரத்துக்கும் மேல் ஒரே கோப்பில் கிடக்கின்றன. யூடியூப் ஓடுகிறதே என்று மகிழ்ந்து அம்மாவுக்கு எண்ணைச் சுழற்றினால், அழைப்பு போகவில்லை!

புதிய போன்களின் கடைசிக் கண்ணி இது. 2ஜியிலும் 3ஜியிலும் பேச்சுக்கென்று தனிப் பாதை இருந்தது. 4ஜியில் அது இல்லை, எல்லாமே தரவுப் பொட்டலம். பேச்சும் அப்படித்தான் போக வேண்டும். அதற்கான முறைக்கு வோ-எல்.டி.இ. என்று பெயர். உங்கள் குரல் நொடிக்கு 50 துண்டாக நறுக்கப்பட்டு, துண்டுக்குத் துண்டு சுருக்கப்பட்டு, மற்ற எல்லாப் பொட்டலங்களையும் முந்திக்கொண்டு போகிறது. பரவலாகப் புழங்கும் சுருக்க முறையில் நொடிக்கு 12.65 கிலோபிட் போதும். கல்யாண வீட்டில் எடுத்த 3 எம்.பி. போட்டோ ஒன்று பிடிக்கும் இடத்தில் அரை மணி நேரப் பேச்சு அடங்கும். ஆனால் இந்த முறையில் நிறுவனத்துக்கு நிறுவனம் சின்னச் சின்ன அமைப்பு வேறுபாடுகள் உண்டு. அந்த நிறுவனத்துக்கான கோப்பு போனில் இல்லையென்றால், சில்லுக்குத் திறமை இருந்தும் பேச்சு வராது.

ஏர்டெல் போன்ற நிறுவனங்களில் அப்போது போன் சத்தமில்லாமல் பழைய 2ஜிக்கு இறங்கிப் பேசிவிடும். ஜியோ 2016இல் தொடங்கியபோதே 2ஜி, 3ஜி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, அதனால் இறங்க இடமில்லை. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. 2022 பிப்ரவரியில் 3ஜியை அணைத்தபோது, தன் நெட்வொர்க்கில் பேச அனுமதிக்கும் போன்களின் பட்டியலையே வெளியிட்டது. நல்ல நிலையில் இருந்த, பூட்டில்லாத வெளிநாட்டுப் போன்கள் பல அதில் இல்லாததால் ஊமையாயின.

எனவே வெளிநாட்டிலிருந்து வந்த போனையோ கடையில் பழைய போனையோ சோதிக்கும்போது சிக்னல் கோடுகளைப் பார்த்ததும் பணத்தை நீட்ட வேண்டாம். அமெரிக்க மாடலென்றால் மாடல் எண்ணைத் தேடி 3, 5, 40 பேண்டுகள் உண்டா என்று பாருங்கள். பி.எஸ்.என்.எல். சிம் போடுகிறவர்கள் 700 மெகாஹெர்ட்ஸுக்கான 28ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன் பின், வைஃபையை அணைத்துவிட்டு யாரையாவது அழையுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே மேல் மூலையைக் கவனியுங்கள். அழைப்பு எடுக்கப்பட்ட பிறகும் 4ஜி என்ற எழுத்து அங்கேயே நின்றால், போன் எல்லாக் கட்டங்களையும் தாண்டிவிட்டது. அது மறைந்து பழைய 2ஜி குறி வந்து உட்கார்ந்தால், விலையை இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம்.